பாய்க்கப்பலில் ஒரு வாரம்: மெரினாவில் இல்லாத காற்றா?

2024 மார்ச் 3 – கேள்வி

பாய்மரக் கப்பலில் உல்லாசப் பயணம் போய்வந்தவர்கள் யாராவது இங்கே உண்டா? அலுவலகத்தில் ஒருவர் படம் காட்டினார். தியேட்டர் கிடையாது, சூதாட்ட அரங்கு கிடையாது, பிள்ளைகளுக்குச் சறுக்குமரம்கூட கிடையாது. அறை தீப்பெட்டி அளவு. ஆளுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்தாராம், விமான டிக்கெட் தனி. அந்தக் காசுக்குப் பதினைந்து மாடிக் கப்பலில் இரண்டு வாரம் சுற்றலாம். காற்று வாங்கவா இவ்வளவு செலவு? மெரினாவில் சும்மாவே கிடைக்கிறதே. வெட்டிப் பெருமை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மார்ச் 3, இரவு

மறுக்கிறேன். போன மாதம்தான் போய்வந்தேன். தை அமாவாசைக்கு மறுநாள் கரீபியன் பக்கத்து பார்படோஸ் தீவின் பிரிஜ்டவுன் துறைமுகத்தில் ஏறினோம், நானும் வீட்டுக்காரரும். ஏழு ராத்திரி. கப்பல் ராயல் கிளிப்பர். ஐந்து பாய்மரம், 42 பாய். அத்தனையையும் விரித்தால் 5,202 சதுர மீட்டர் துணி, அதாவது ஒன்றேகால் ஏக்கர். ஒன்றேகால் ஏக்கருக்கு வேட்டி காயப்போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி போட்ட பட்டியல் சரிதான். அதெல்லாம் அங்கே இல்லை. நான் காசு கொடுத்ததே அதற்குத்தான்.

முதல் ராத்திரியை மட்டும் சொல்கிறேன். பத்து மணிக்கு மேல் கயிற்றை அவிழ்த்தார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ பிரமாண்டமான இசை. அது ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் போடுவார்கள். மூன்றாம் நாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முதல் நாள் மட்டும் புல்லரித்தது. பாய்கள் ஒவ்வொன்றாக இறங்கின. முதலில் தொளதொளவென்று அடித்துக்கொள்ளும், பிறகு சடாரென்று ஒரு சத்தம், வயிறு முட்டச் சாப்பிட்டதுபோல உப்பி நின்றுவிடும். துறைமுக விளக்குகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. அப்புறம் ஒரு கட்டத்தில் காலுக்கடியில் ஏதோ நின்றது. வீட்டில் ஃபிரிட்ஜ் திடீரென்று ஓசை நின்றால்தான் அது இவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்தது தெரியுமில்லையா, அந்த மாதிரி. என்ஜினை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் சத்தமும் கயிறு முனகும் சத்தமும்தான் மிச்சம். நூறு பேருக்கு மேல் தளத்தில் நின்றிருந்தோம், ஒருவரும் பேசவில்லை.

ஏழு நாளும் அப்படியே, காற்றிலேயே போனோம். மெரினாவில் இது கிடைக்குமா?

மார்ச் 4

நேற்று எழுதியதை வீட்டுக்காரர் படித்துவிட்டார். "ஏழு நாளும் காற்றிலேயே போனோம் என்று ஏன் புளுகுகிறாய்?" என்கிறார். சரி, திருத்திக்கொள்கிறேன். என்ஜின் நிறையவே ஓடியது. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் என் மனக்கணக்கு.

காரணம் ஊரின் அமைப்பு. நாங்கள் போன கரீபியன் தீவுகள் வடக்குத் தெற்காக முத்துக் கோர்த்தமாதிரி இருக்கின்றன. குளிர்காலம் முழுக்கக் காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அடிக்கும். எல்லாம் எரிமலைத் தீவுகள், நெட்டுக்குத்தாக மலை. கப்பல் போவது மேற்குப் பக்கம், அதாவது மலையின் மறைவில். அங்கே காற்று செத்துக் கிடக்கும். பாய் துவண்டு பழைய சாக்குமாதிரி தொங்கும், அப்போது என்ஜின்தான். இரண்டு தீவுக்கு நடுவில் திறப்பு வந்ததும் கதை மாறும். மார்டினிக் தீவின் மறைவு முடிந்து டொமினிக்கா தீவுக்கு முந்தைய கடல் திறந்தபோது, முதலில் தண்ணீரின் நிறம் மாறியது, கருநீலத்தில் வெள்ளைப் பொட்டுகள். ஐந்து நிமிடத்தில் மேஜைமேல் இருந்த எலுமிச்சைத் துண்டு உருளத் தொடங்கியது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுகொண்டது. ஆடவில்லை, சாய்ந்தது. இந்த வித்தியாசம் ஏறினவர்களுக்குத்தான் தெரியும். பக்கவாட்டுக் காற்றை வாங்கும் பாய்க்கப்பல் அலைக்கு ஆடாது. பாய் அதைப் பிடித்து வைத்திருக்கும், தோளில் கைபோட்டு இழுத்துப் போகிறவன்மாதிரி.

என்ஜின் ஓடியதனால்தான் இந்த நிமிடத்துக்கு அருமை என்று இப்போது தோன்றுகிறது. நேற்றைக்குப் புளுகாமல் இதையே எழுதியிருக்கலாம்.

மார்ச் 4, கொஞ்ச நேரம் கழித்து

மெரினாக் காற்றைப் பற்றி ஒரு விஷயம். அங்கே பிற்பகலில் வருவது தரை சூடேறுவதால் கடலிலிருந்து உள்ளே வரும் காற்று. ராத்திரி தரை குளிர்ந்ததும் அது ஓய்ந்துவிடும், திசையும் மாறும். கரீபியனில் அடிப்பது பள்ளிக்கூடத்தில் படித்த வியாபாரக் காற்று. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அட்லாண்டிக் முழுக்கத் தடையில்லாமல் வருவது. ராத்திரி பகல் பேதம் அதற்கில்லை. எங்கள் தூத்துக்குடிக் கணக்கில் சொன்னால் விடாமல் வீசும் கொண்டல், அதாவது கீழைக்காற்று. இரண்டும் காற்றுதான், தம்பி. மோரும் தயிரும்கூடப் பால்தான்.

மார்ச் 9

தூத்துக்குடி என்றதும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம். அப்பா தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்தும் தலைவர். உப்பும் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிற தோணி, எனக்கு நினைவு தெரிந்த வரைக்கும் பாயில்தான் போனது. பிறகு எல்லாத் தோணியிலும் என்ஜின் வைத்துவிட்டார்கள். வீட்டில் சாப்பிடும்போது வாடை, சோழகம், கச்சான் என்று காற்றைப் பேர்சொல்லித் திட்டுவார்கள், சொந்தக்காரர்களைத் திட்டுகிறமாதிரி. பாய் தொங்கும் குறுக்குக் கம்பமான பருமல், பாயை இழுக்கும் கயிறான தாமான், சுக்கான் எல்லாம் எனக்குச் சோற்றோடு வந்த வார்த்தைகள். ஆனால் பெண்பிள்ளை தோணியில் கால்வைக்கக் கூடாது. பழைய துறைமுகத்தில் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. அண்ணன்மார் இரண்டு பேரும் ஏறி இறங்கினார்கள், இரண்டு பேருக்கும் கடல் பிடிக்கவில்லை.

அதனால் 57 வயதில், டொரொண்டோவில் 22 வருடம் பனி தள்ளிய பிறகு, பாய்மரத்தில் ஏறலாம் என்று ஒரு மாலுமி சொன்னபோது வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

இல் தே சாந்த் என்று குவாதலூப்புக்குப் பக்கத்தில் பொடித் தீவுகள். அங்கே நங்கூரம் போட்டிருந்தபோது ஏறவிட்டார்கள். இடுப்பிலும் தொடையிலும் பட்டை மாட்டி மேலிருந்து வரும் கயிற்றில் கோர்த்துவிடுவார்கள், விழ முடியாது. உச்சி வரைக்கும் விடமாட்டார்கள். முதல் மேடை வரைக்கும்தான். மூன்று நான்கு மாடி இருக்கும். கயிற்று ஏணி கீழே அகலம், மேலே போகப்போகக் குறுகும். கடைசியில் ஒரு பாதம் வைக்கத்தான் இடம். கையால் குறுக்குக் கயிற்றைப் பிடிக்காதே, நெட்டுக் கயிற்றைப் பிடி என்று கீழிருந்து கத்திக்கொண்டே இருந்தார்கள். குறுக்குக் கயிறு அறுந்தாலும் நெட்டுக் கயிறு தாங்கும். இதை அப்பா அண்ணனுக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதே வரி.

மேலே போய் என்ன பார்த்தேன் என்று கேட்கிறீர்கள். கீழே ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அது எங்கள் வீட்டுக்காரர், கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

இறங்குவதுதான் கஷ்டம். கால் கயிற்றைத் தேடும், கண்ணுக்குக் கால் தெரியாது.

மார்ச் 10

வீட்டுக்காரரின் மறுப்பு: அவர் கண்ணை மூடவில்லையாம், வெயில் கூசியதாம். பதிவு செய்துவிட்டேன்.

மார்ச் 10, மாலை

"சாப்பாடு எப்படி அக்கா?" இந்தக் கேள்வி வராமல் தமிழில் ஒரு பயணப் பேச்சு முடியாது.

சாப்பாடு நன்றாகவே இருந்தது, போதுமா? சாப்பாட்டை விட அந்தக் கூடம் பிடித்தது. யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது, காலி நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். எட்டுப் பேர் மேஜை. இரண்டாம் நாளே ஓய்வுபெற்ற ஜெர்மன் தபால்காரர் ஒருவரும் நானும் முடிச்சுப் போடுவது பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பரிமாறியவர்களில் ஒருவர் கோவாக்காரர். என் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமலேயே பச்சை மிளகாய் நறுக்கி ஒரு சின்னத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். ஏழு நாளும் வைத்தார்.

பயணிகள் அதிகபட்சம் 227 பேர், வேலையாட்கள் நூற்றுச் சொச்சம். மூன்றாம் நாளுக்குள் எல்லா முகமும் பழகிவிடும். கல்யாண வீட்டில் மூன்று நாள் தங்கினமாதிரி. அதன் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஒரு அம்மா தன் முழங்கால் அறுவைசிகிச்சைக் கதையை என்னிடம் நான்கு தடவை சொன்னார்.

மார்ச் 17

இன்றைக்குக் கேட்கப்படாமலேயே ஒரு பதில். கப்பலில் எனக்குப் பிடித்த இடம் எது?

கப்பலின் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு பெரிய கம்பம் போகும். அதன் இரண்டு பக்கமும் வலை கட்டியிருக்கிறார்கள். முன்பு அங்கே பாய் கட்டப் போகும் மாலுமி தவறினால் பிடித்துக்கொள்ள. இப்போது என்னைப்போன்றவர்கள் படுத்துக்கொள்ள. குப்புறப் படுத்தால் கீழே நேராகக் கடல். பின்னால் திரும்பினால் மொத்தக் கப்பலும் உங்களைத் துரத்திக்கொண்டு வருவதுபோலத் தெரியும். அதன் மூக்குக்குக் கீழே வெள்ளை மீசை முளைத்தமாதிரி தண்ணீர் பிளக்கிறது. நீங்கள் கப்பலில் இருக்கிறீர்கள், ஆனால் கப்பல் உங்களுக்குப் பின்னால் வருகிறது.

அங்கே படுத்துத்தான் பறவைக்கோலாவைப் பார்த்தேன். நம்ம கோலா மீன்தான், இறக்கை வைத்தது. கப்பல் மூக்கு நெருங்கியதும் பத்து, இருபது என்று தண்ணீரிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும். கிளம்பினதும் வாலின் அடிமடலைத் தண்ணீரில் படபடவென்று அடித்துக்கொண்டே ஓடும். தண்ணீரில் தையல் போட்டமாதிரி ஒரு கோடு விழும். பிறகு அலை மேடுகளுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய்த் திடீரென்று மூழ்கும். அதற்காகவே பழுப்பு நிறக் கடற்பறவைகள் கப்பலோடு கூடவே வருகின்றன. மீன் பயந்து பறக்கக் கப்பல் வேண்டும், பிடிக்கத் தான் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கின்றன. ஒரு பறவை மீன் பறந்துகொண்டிருக்கும்போதே காற்றில் அள்ளியது. நான் கத்திவிட்டேன்.

ஏறுவதற்கு முன்னால் பிரிஜ்டவுன் மீன் சந்தையில் பெண்கள் இதே மீனை முள் எடுப்பதைப் பார்த்திருந்தோம். கத்தி உள்ளே போவதும் முள் முழுசாக வெளியே வருவதும்தான் தெரியும், நடுவில் என்ன செய்தார்கள் என்று தெரியாது. பார்படோஸின் தேசிய உணவு அந்த மீனும் சோளமாவும் வெண்டைக்காயும் சேர்த்துக் கிண்டிய களியும். களியில் வெண்டைக்காய்! சாப்பிட்டுப் பாருங்கள், தப்பில்லை.

வலையைப் பற்றி எச்சரிக்கை: சட்டைப்பையில் எதுவும் வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. வீட்டுக்காரருடைய வாசிப்புக் கண்ணாடி இப்போது அட்லாண்டிக்குக்கும் கரீபியனுக்கும் நடுவில் எங்கோ படித்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 18

கண்ணாடி விழுந்தது வலையிலிருந்து இல்லை, கைப்பிடிச் சுவர் ஓரத்திலிருந்தாம். அவருடைய கண்ணாடி, அவர் சொன்னால் சரி.

மார்ச் 24

"பாயை விரிப்பது மோட்டார் என்று படித்தேன், அப்படியானால் அது நாடகம்தானே?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. நானும் அங்கே இதையே கேட்டு முகம் சுளித்தேன்.

உண்மைதான். குறுக்குப் பாய்கள் பருமலுக்குள் சுருண்டு கிடக்கும், மின்மோட்டார் சுழற்றினால் வெளியே வரும். பழைய காலத்தில் முப்பது பேர் மேலே ஏறி வயிற்றைப் பருமலில் அழுத்திக்கொண்டு கையால் சுருட்டினார்கள். இப்போது ஒருவர் பொத்தானை அமுக்குகிறார். அப்பா இருந்திருந்தால், "அப்புறம் தண்டல் எதுக்கு, மிக்ஸியை இயக்கத் தெரிஞ்ச யாரையாவது வேலைக்கு வைக்கலாமே" என்றிருப்பார்.

ஆனால் பாய் விரிந்தால் மட்டும் கப்பல் நகராது. காற்றுக்குத் தக்கபடி பருமலைத் திருப்ப வேண்டும், தாமான் கயிற்றைத் தளர்த்த வேண்டும், இறுக்க வேண்டும், அதற்கெல்லாம் கயிறும் கையும் வேண்டும். கூப்பிட்டால் நாமும் போய் இழுக்கலாம். நான் இழுத்தேன். இரண்டு நாள் உள்ளங்கை சிவந்து கிடந்தது. இழுத்த கயிற்றைச் சுருட்டி வைக்கச் சொன்னார்கள், நான் வீட்டுத் துணிக்கொடியைச் சுருட்டுகிற பழக்கத்தில் இடப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். பிலிப்பைன்ஸ்காரப் பையன் ஒருவன் ஒன்றும் சொல்லாமல் மொத்தத்தையும் உதறிவிட்டு வலப்பக்கமாகச் சுற்றிக் காட்டினான். கயிறு முறுக்கியிருக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவசரத்தில் அவிழ்க்கும்போது சிக்கும். பொத்தான் கப்பலிலும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

இந்தக் கப்பலின் முன்மாதிரி ப்ராய்சன் என்ற ஜெர்மன் சரக்குக் கப்பல், 1902இல் கட்டியது. ஐந்து மரத்திலும் குறுக்குப் பாய் கட்டிய கப்பல் அதற்கு முன்னால் கிடையாது. அதற்குப் பிறகும் 2000த்தில் ராயல் கிளிப்பர் வரும் வரைக்கும் கிடையாது. சிலியிலிருந்து வெடியுப்பு ஏற்றிக்கொண்டு தென்னமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றி ஹாம்பர்க் போகும். 1910 நவம்பரில் ஆங்கிலக் கால்வாயில் ஒரு நீராவிக் கப்பல் குறுக்கே வந்தது. பாய்க்கப்பல் இவ்வளவு வேகமாக வரும் என்று நீராவிக்காரன் நினைக்கவில்லை. இரண்டும் மோதி, கடைசியில் ப்ராய்சன் இங்கிலாந்தின் டோவர் பக்கம் பாறையில் ஏறி உடைந்தது.

கையாலேயே பாய் விரிக்கும் உல்லாசக் கப்பலும் இருக்கிறது, சீ கிளவுட். 1931இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில், ஓர் அமெரிக்கக் கோடீஸ்வரிக்காகக் கட்டியது. குடும்பப் பணம் காலை உணவுத் தானியத்தில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் வானிலை பார்க்கும் கப்பலாக ஓடியது. பிறகு டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி த்ருஹியோ வாங்கித் தன் மகள் பெயரை வைத்தார். இப்போதும் மாலுமிகள் மரத்தில் ஏறித்தான் பாயை அவிழ்க்கிறார்கள். அதன் கட்டணத்தைப் பார்த்தேன், பக்கத்தை மூடிவிட்டேன்.

நாடகமா என்றால், கொஞ்சம் நாடகம்தான். கூத்தும் நாடகம்தானே, விடிய விடியப் பார்க்கிறோம்.

ஏப்ரல் 2

ஒரு மாதமாகச் சுகமாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசி ராத்திரியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் பேச்சைக் கேட்டு டிக்கெட் எடுப்பவர்கள் சாபம் விடுவார்கள்.

பார்படோஸ் மற்றத் தீவுகளோடு வரிசையில் இல்லை, 160 கிலோமீட்டர் கிழக்கே தனியாகத் தள்ளி நிற்கிறது. போகும்போது காற்று முதுகில். திரும்பும்போது? காற்று மூக்கில். குறுக்குப் பாய்க்கப்பல் எதிர்க்காற்றில் போகாது. ஆகவே பாயெல்லாம் சுருட்டி, என்ஜின் போட்டு, அலையை முட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க. பாயின் பிடி இல்லாததால் கப்பல் இப்போது உண்மையிலேயே ஆடும். எங்கள் அறையின் வட்டச் சன்னல் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. சலவை இயந்திரத்தின் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்ப்பதுபோல நுரை சுற்றிச் சுற்றி அடித்தது. நாங்கள்தான் உள்ளே கிடக்கும் துணி.

தண்டலின் மகள் வாந்தி எடுத்தாள். வங்கிக் குமாஸ்தாவின் மகனான வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டுக்கொண்டு, அப்பாவின் தோணிப் பெருமையெல்லாம் இப்போது எங்கே என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை! மரத்தைப் பார்த்தாலே கண்ணை மூடுகிற மனிதருக்கு.

மருந்து: கப்பலில் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். எனக்குக் கேட்டது உப்பு நார்த்தங்காய். பெட்டியில் எடுத்துப் போயிருந்தேன். ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, மேல்தளத்துக்குப் போய், நடுக்கப்பலில் அடிவானத்தைப் பார்த்து உட்கார்ந்தால் அடங்கிவிடும். அறையில் படுத்துக் கிடப்பதுதான் மோசம்.

ஏப்ரல் 3

சேர்க்க மறந்தது. அந்த வாந்தி ராத்திரியில், மணி மூன்று இருக்கும், மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தபோது தெற்கே அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே தென்சிலுவை நின்றது. முந்தைய ராத்திரிகளில் ஒன்பது மணி வாக்கில் அதே திசையில் அகத்திய நட்சத்திரம். இரண்டையும் மொட்டைமாடியில் அப்பா காட்டியிருக்கிறார். நட்சத்திரம் அங்கேயே நின்றது, பாய்மரத்தின் உச்சிதான் அதற்குள் எழுதுகோல்மாதிரி அசைந்துகொண்டிருந்தது. வயிறு காலி, நார்த்தங்காய் வாயில். அந்தப் பயணத்தில் மிகச் சுகமான நேரம் எது என்று கேட்டால் இப்போது இதைத்தான் சொல்வேன் போலிருக்கிறது. முதல் ராத்திரி என்று அன்றைக்கு எழுதினேன் இல்லையா, அதுவும் பொய்யில்லை.

ஏப்ரல் 21

மார்டினிக்கைப் பற்றி எழுதவா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

கடைசி நிறுத்தம் அது, பிரான்ஸுக்குச் சொந்தமான தீவு. கரையில் ஒரு சின்ன உணவகம். கரும்பலகையில் 'கொலொம்போ' என்று எழுதியிருந்தது. ஊர்ப் பெயரா, சாப்பாடா என்று கேட்டேன். சாப்பாடு. கோழிக் குழம்பு. மூடியைத் திறந்ததும் மல்லி, சீரகம், கடுகு, மஞ்சள், எல்லாம் வறுத்த வாசனை. வீட்டுக்காரரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கறிவேப்பிலை தாளித்திருந்தால் எங்கள் அம்மா வைத்ததுதான். காரம் மட்டும் இல்லை.

அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கூலிகளை ஏற்றினார்கள். முதல் கப்பல் ஓரேலி, 1853இல் போய்ச் சேர்ந்தது. முப்பது வருடத்தில் மார்டினிக்குக்கு மட்டும் 25 ஆயிரம் பேருக்கு மேல், பெரும்பாலும் நம்ம ஆட்கள். இன்றைக்கும் தீவின் வடக்கில் பாஸ்போயிந்த் பக்கம் கோயில் இருக்கிறது. மாரியம்மனும் மதுரைவீரனும் பிரெஞ்சு உச்சரிப்பில் பெயர் மாறி இருக்கிறார்கள். கப்பல் சாயங்காலம் கிளம்பிவிடும் என்பதால் எங்களால் அங்கே போக முடியவில்லை.

அவர்களும் பாய்க்கப்பலில்தான் வந்தார்கள். மாதக்கணக்கில், அடித்தளத்தில், ஒருவர்மேல் ஒருவராக. நான் வலையில் குப்புறப் படுத்து ரசித்த அதே கொண்டல் காற்றுதான் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பி, நீச்சல் குளத்துக்குக் கீழே பியானோ வாசிக்கும் கூடத்தில் உட்கார்ந்தேன். குளத்தின் அடியில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். நிமிர்ந்தால் குளிப்பவர்களின் உள்ளங்கால் தெரியும். மற்ற நாட்களில் அதைப் பார்த்துச் சிரிப்பேன். அன்றைக்குக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

தம்பி, வெட்டிப் பெருமை என்று நீங்கள் சொன்னதற்கு அந்த ஒரு மணி நேரம் மட்டும் என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது.

ஏப்ரல் 22

மேலே உள்ளதற்கு வந்த பதில்களில் பாதி கொலொம்போ செய்முறை கேட்டு. கடையில் பொடியாகவே விற்கிறது. வாங்கி வந்தேன். இங்கே டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் கிடைக்கும் யாழ்ப்பாணத் தூளுக்கு அது கால்தூசி. வாசனைக்காக மட்டும் டப்பாவை வைத்திருக்கிறேன்.

ஜூலை 9

பெரில் புயல் செய்தி பார்த்தீர்களா? ஜூலை 1 அன்று கிரெனடா நாட்டின் கரியாக்கூ தீவின் மேலேயே ஏறிவிட்டது. பிரிஜ்டவுன் மீன்பிடித் துறையில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து உடைந்து கிடக்கும் படங்கள் வந்தன. அந்த முள் எடுக்கும் பெண்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்துத் துறைதான் அது. நம்ம கப்பல் அப்போது அங்கே இல்லை; கோடைக்கு மத்தியதரைக் கடலுக்குப் போய்விடும், புயல் காலம் முடிந்து குளிர்காலத்தில் திரும்பும். கப்பலுக்கு அந்த வசதி இருக்கிறது. மீன்காரப் படகுகளுக்கு இல்லை.

2025 ஜனவரி 12

இழையைத் தொடங்கிய தம்பியிடமிருந்து செய்தி. பதினைந்து மாடிக் கப்பலில் குடும்பத்தோடு போய்வந்தாராம். பிள்ளைகளுக்கு ஏகக் கொண்டாட்டம். "ஆனால் அக்கா, நான்காம் நாள்தான் கடலையே பார்த்தேன்" என்கிறார். பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்வரை அதுவே சரி, நான் வாதாடவில்லை. என் கட்சியில் சேர்க்கவும் இல்லை.

நம்ம கப்பல் கரீபியனுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடம் மாறும்போது அட்லாண்டிக்கைக் கடக்கிறது இல்லையா, அதற்கும் பயணிகளை ஏற்றுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலும் நடுக்கடல்தான். நாள் கணக்கில் பார்த்தால் தீவுப் பயணத்தை விட மலிவு. வீட்டுக்காரரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடிக்காமலேயே, "எத்தனை நார்த்தங்காய் வேணும்?" என்று கேட்டார்.

மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஊருக்குப் போகும் அண்ணியிடம் இரண்டு பாட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.